காரில் உப்புப் பூத்தால்: அறிகுறி பார்த்துக் கறை நீக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் காரைக் கழுவி நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்துத் திரும்பி வந்து பார்த்தால், பானெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரியும். தூசியோடு நின்றபோதே கார் இதைவிட நன்றாக இருந்ததே என்று தோன்றும். மதுரையில் போர் தண்ணீரில் கார் கழுவும் யாருக்கும் இது புதிதல்ல. கறுப்பு, கருநீலம், மெரூன் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெயின்டிங்கும் பாலிஷும் செய்யும் எங்கள் பட்டறைக்கு இந்தக் குறையோடு வரும் கார்களில், உப்பு செய்த சேதத்தைவிட அந்த உப்பை எடுக்கப் போய் உரிமையாளர் செய்த சேதம் பெரிதாக இருப்பவையும் உண்டு. காரணம், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் உண்மையில் வெவ்வேறு வகையானவை என்பதும், ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது என்பதுமே.

தேய்ப்பதற்கு முன்பு

இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கின்றன. தேய்த்து எடுத்தது திரும்ப வளராது. ஆகவே மென்மையான முறையில் தொடங்கி, அது பலிக்காதபோது மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

காரை நிழலில் நிறுத்தி, பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, கார் ஷாம்பூவால் ஒருமுறை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு, காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியால் புள்ளிகளின் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்கு மணலைத் தொட்டதுபோலத் தெரியும். அடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, வளையத்தின் விளிம்பு மேடாக இருக்கிறதா பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் யாரும் ரப்பிங் காம்பவுண்டை (பூச்சைத் தேய்த்து எடுக்கும் பசையை) கையில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம்.

அறிகுறி: நனைத்தால் மறைகிறது, காய்ந்தால் திரும்ப வருகிறது

இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். கழுவும்போது கார் சுத்தமாகத் தெரியும். பத்து நிமிடத்தில் புள்ளிகள் அதே இடத்தில் நிற்கும். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. பழைய படிவு நனைந்திருக்கும்போது ஒளியைச் சிதறடிக்காமல் கண்ணுக்கு மறைந்திருக்கலாம். அல்லது பழைய உப்பு கரைந்தே போய், நீங்கள் ஊற்றிய தண்ணீர் புதிய உப்பை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

எது என்று அறிய, ஒரு சாண் இடத்தை மட்டும் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரால் கழுவி, காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். அந்த இடத்தில் புள்ளி திரும்ப வராவிட்டால் காரில் குறை இல்லை, தண்ணீரில்தான் குறை. பின்னால் சொல்லியிருக்கும் தடுப்பு முறைகளே போதும். அங்கும் திரும்ப வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

புள்ளி ஏன் வளையமாகவே விழுகிறது என்று பலர் கேட்பதுண்டு. மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்த இடத்தைப் பார்த்தால் புரியும்: நடுவில் வெளிறியும் விளிம்பில் கறுத்தும் இருக்கும். துளியின் விளிம்பு முதலில் ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. கரைந்திருந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவிக்கிறது. போர் தண்ணீரிலும் நடப்பது அதுவே.

அறிகுறி: ஷாம்பூவுக்குப் போகவில்லை, தடவினால் சொரசொரப்பு

இது சுண்ணாம்புப் படிவு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் ஆவியாகும்போதும் சூடாகும்போதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் ஹீட்டர் கம்பியில் ஓடுபோலப் பிடித்திருப்பதும் இதே பொருள்தான். தண்ணீரில் கரையாது, அமிலத்தில் கரையும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருப்பதால், இந்த வேலைக்கு அதுவே போதுமானது.

ஒரு பங்கு வினிகரோடு ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். முதலில் கதவின் கீழ்ப்பகுதி போன்ற கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியைக் கலவையில் நனைத்து, லேசாகப் பிழிந்து, புள்ளிகள் உள்ள இடத்தில் போர்த்தியதுபோல விரித்து வையுங்கள். தேய்க்க வேண்டாம், கரைக்கும் வேலையை அமிலம் செய்யட்டும். ஒரு நிமிடம் கழித்து எடுத்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலரத் துடையுங்கள். குறையாக இருந்தால் இதையே இரண்டாம் முறையும் செய்யலாம். கலவை காரின் மேலேயே காய்ந்துபோக விடக் கூடாது என்பதால், ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் இதைச் செய்யவே கூடாது. குரோம் பட்டைகளிலும் அலுமினியப் பாகங்களிலும் பட்டால் உடனே அலசிவிடுங்கள். வினிகர் பட்ட இடத்தில் பழைய வேக்ஸும் பலவீனப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் புதிதாக வேக்ஸ் பூச வேண்டும்.

எலுமிச்சம்பழத்திலும் அமிலம் உண்டு. ஆனால் சக்கையும் சர்க்கரையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வினிகர் கிடைக்காதபோது மட்டும், நன்றாக வடிகட்டிப் பயன்படுத்தலாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதே நம்பிக்கையில் புளியைக் கரைத்து பானெட்டில் தேய்த்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புளியின் நாரும் ஓட்டுத் துணுக்கும் போட்ட கீறல்களை எடுக்க அரை நாள் பிடித்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பச்சை நாரும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

அறிகுறி: வினிகர் போட்டும் சொரசொரப்பு போகவில்லை

எல்லாப் படிவும் சுண்ணாம்பு அல்ல. கருங்கல்லும் கிரானைட்டும் நிறைந்த மேலூர்ப் பக்கம் போன்ற நிலப்பகுதிகளின் தண்ணீரில் சிலிகா கரைந்திருக்கும். சில கிணறுகளில் சல்பேட் உப்புகளும் இருக்கும். சிலிகாவை வினிகர் அசைக்காது. சல்பேட் படிவும் எளிதில் கரையாது. கரையவில்லை என்பதற்காக இன்னும் கடுமையான அமிலத்தைத் தேடிப் போகாமல், க்ளே பார் என்னும் பிசைந்த களிமண் போன்ற கட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைகளிலும் கார் உதிரிப் பொருள் கடைகளிலும் கிடைக்கும். ஷாம்பூ நீரை வழுவழுப்பாக இருக்கும் அளவுக்குத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அதன் சொந்த எடையைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் முன்னும் பின்னுமாக நகர்த்தினால், மேடாக ஒட்டியிருக்கும் துணுக்குகளை அது பிடுங்கிக்கொள்ளும். கட்டி தரையில் விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

அறிகுறி: தடவினால் வழுவழுப்பு, ஆனாலும் வளையம் தெரிகிறது

இங்கே உப்பு போய்விட்டது. அது அரித்த தழும்பு மட்டும் நிற்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் அடர்நிற பானெட்டின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் பூச்சு இளகியிருக்க, மேலே உள்ள துளி சுண்டச் சுண்ட அதிலுள்ள உப்புகளின் செறிவு ஏறிக்கொண்டே போய், விளிம்பை ஒட்டிக் கிளியர் கோட்டை அரிக்கிறது. தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடுகிறது என்று சொல்லப்படுவது சரியல்ல. தகட்டில் உட்கார்ந்திருக்கும் துளி குவிக்கும் ஒளி, தகட்டைத் தாண்டிய ஆழத்தில்தான் ஒன்றுசேரும்.

பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அளவுக்குக் குறைக்கத்தான் முடியும். பாலிஷ் செய்வது என்றால் உண்மையில் இதுதான். நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷை நுரைப் பஞ்சில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு வைத்து, ஒரு சிறு இடத்தில் கையால் செய்து பார்த்து, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் மங்கியிருந்தால் அதே பாலிஷில் தொடருங்கள். சிறிதும் மாறாவிட்டால் மட்டுமே அதற்கு அடுத்த வீரியத்துக்குப் போகலாம். மெஷின் வைத்திருப்பவர்கள், ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரியைவிட, சுழன்றுகொண்டே அலையும் டி.ஏ. பாலிஷரைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ரோட்டரி ஒரே இடத்தில் சில விநாடிகள் அதிகம் நின்றாலும் சூடேறிப் பூச்சு கருகிவிடும். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவு விளிம்புகளிலும் பூச்சு மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பஞ்சில் காரின் நிறம் ஒட்டத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயின்ட் அடித்த பழைய கார்களில் மட்டும் நிறம் ஒட்டுவது இயல்பு. கார் வேறு ஒருவரிடமிருந்து வாங்கியதாக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. டிங்கரிங் செய்து பட்டி பார்த்து மறுபடி அடித்த கதவில் மேல்பூச்சு எவ்வளவு கனம் என்பதை வெளிப்பார்வையில் சொல்ல முடியாது. பெயின்டின் கனம் அளக்கும் கருவியும் எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். எண் பெரிதாக இருப்பதற்குக் கீழே இருக்கும் பட்டியே காரணமாக இருக்கலாம்.

ஆழமான தழும்பை முற்றிலும் எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் நான் உடன்படுவதில்லை. முக்கால்வாசி மங்கியதும் நிறுத்தி, வேக்ஸ் பூசிவிட்டால், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பூச்சும் இன்னும் பல ஆண்டுகளுக்கு மிஞ்சும்.

அறிகுறி: கண்ணாடியில் மட்டும் வெள்ளை மூட்டம்

முன்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் வினிகர் முறையைத் தயங்காமல் செய்யலாம். அதற்கும் போகாத படிவுக்கு, சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பஞ்சால், காயவிடாமல் தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பட்டறை வைப்பதற்கு முன், ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் என் காரின் கண்ணாடியை ‘ஒரு நிமிஷத்துல பளிச்சுனு ஆக்கித் தர்றேண்ணே’ என்று சொல்லி அதைத்தான் ஊற்றித் துடைத்தார்கள். கண்ணாடி பளிச்சென்றுதான் ஆனது. ஒரு வாரத்தில் அதைச் சுற்றியிருந்த குரோம் பட்டை சாம்பல் நிறமாகி, அடியில் இருந்த ரப்பர் வெளுத்துப்போனது. அந்த ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும் வேகத்திலேயே உலோகத்தையும் தின்னும்.

அறிகுறி: கழுவவே இல்லை, கூரைமேல் வெள்ளைக் கோடு வடிந்திருக்கிறது

அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் நிறுத்தும் கார்களுக்கு வரும் தொல்லை இது. மாடியிலிருந்து கசியும் நீர் கான்கிரீட் வழியாக இறங்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. மேலே தளத்தைப் பார்த்தால் சொட்டும் இடத்தில் சிறு விழுதுபோல வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சாதாரணப் போர் தண்ணீரைவிட இது மிகக் காரமானது. ஓரிரு நாளிலேயே கிளியர் கோட்டைக் கடித்துவிடும். பார்த்த அன்றே நிறையத் தண்ணீரால் நனைத்து, மேலே சொன்ன வினிகர்த் துணியை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டு இளக்க வேண்டும். நகத்தாலோ பிளேடாலோ சுரண்டினால் படிவோடு பூச்சும் வரும். வண்டியை வேறு இடத்துக்கு மாற்றாமல் கறையை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறிகுறி: வெண்மையே இல்லாத புள்ளிகள்

வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரிந்தால் அது இரும்புத் துகள். பக்கத்தில் கிரில் பட்டறையோ வெல்டிங் கடையோ இருக்கிறதா என்று பாருங்கள். பட்டதும் ஊதா நிறமாக மாறும் இரும்பு நீக்கி திரவம் தனியாகக் கிடைக்கிறது. பிசுபிசுப்பாக இருந்தால் அது மரப்பிசின், வினிகர் வீண்.

அறிகுறி: செராமிக் கோட்டிங் போட்ட பிறகும் புள்ளி விழுகிறது

பணம் கொடுத்தவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோட்டிங் தண்ணீரை ஒட்டவிடாமல் முத்து முத்தாக நிறுத்துகிறதே தவிர, அந்த முத்துக்குள் இருக்கும் உப்பை அது என்ன செய்யும்? முத்துகள் அப்படியே வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வளையம். கோட்டிங்கின் பயன், கறை எளிதில் விட்டுப்போகும் என்பதும், முதல் அரிப்பைப் பெயின்டுக்குப் பதிலாகத் தான் தாங்கும் என்பதும்தான். துடைக்கும் வேலையிலிருந்து அது விடுதலை தராது.

வராமல் தடுக்க: தண்ணீரும் துடைப்பும்

தண்ணீரின் தரத்தை அறிய, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான். கணக்கு எளிது. மீட்டர் 1500 காட்டும் போர் தண்ணீரில், பத்து லிட்டர் வாளி ஒன்றுக்கு 15 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு 500. வைகை அணையிலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீர் போர் தண்ணீரைவிடக் காருக்கு நல்லதுதான். ஆனால் குடிக்க வரும் தண்ணீரைக் காரில் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

திருப்பாலைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர், “அண்ணே, நான் ஆர்.ஓ. தண்ணியிலதான் கழுவுறேன், அப்புறம் எப்படிண்ணே உப்புப் பூக்குது?” என்று கேட்டார். “எந்தக் குழாயில பிடிக்கிறீங்க தம்பி?” என்று விசாரித்தபோது, வீணாகிறதே என்று மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை வாளியில் சேர்த்து ஊற்றி வந்தது தெரிந்தது. சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் 1000 டி.டி.எஸ். தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் சுத்தமாக வெளியே வந்தால், மீதி இரண்டு லிட்டரில் ஏறத்தாழ எல்லா உப்பும் சேர்ந்து 1500ஐ நெருங்கிவிடும். அந்தத் தண்ணீரில் வீட்டைத் துடைக்கலாம்; காரைக் கழுவக் கூடாது.

அதற்கு மாறாக, யாரும் கண்டுகொள்ளாத நல்ல தண்ணீர் ஒன்று வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யிலிருந்து வடியும் நீர், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து திரவமானது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. இரவில் குழாய்க்கு அடியில் மூடியுள்ள வாளி வைத்துப் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால், போர் தண்ணீரில் கழுவி முடித்த காரின் மேல் கடைசி அலசலாக ஊற்ற ஒரு வாளி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் பிடிக்கும் மழைநீரும் அப்படியே. முதல் சில நிமிடத் தண்ணீரைத் தூசியோடு போகவிட்டுப் பிறகு பிடியுங்கள். அபார்ட்மென்டுகளில் வைத்திருக்கும் சாஃப்ட்னர் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தருவதால் மீட்டரில் எண் குறையாது, புள்ளியும் விழும். ஆனால் அது நனைத்துத் துடைத்தாலே போய்விடும் புள்ளி.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் அது காரின் மேல் தானாகக் காயக் கூடாது. காலை ஏழு மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பின்போ கழுவுங்கள். கூரை, பானெட், ஒரு பக்கம், மறுபக்கம் என்று பகுதி பகுதியாகச் சோப்பு போட்டு அலசி, அடுத்த பகுதிக்குப் போகும்வரை முந்தையதை ஈரமாகவே வைத்திருங்கள். கடைசி அலசலுக்குக் குழாயின் முனைக் கருவியைக் கழற்றிவிட்டு, மேலிருந்து மெதுவாக ஓடவிட்டால், துளித் துளியாக நிற்காமல் தண்ணீர் ஒரே திரையாக வழிந்து இறங்கும். துடைக்க வேண்டியது பாதியாகக் குறையும். பழைய வேட்டியும் பனியன் துணியும் வேண்டாம். அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, இழுக்காமல், ஒற்றி எடுங்கள். ஈரக் காரின் மேல் கவர் போட்டு மூடுவதைவிடத் திறந்தே விடுவது மேல். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் பூசுவது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகும் பக்கக் கண்ணாடியின் அடியிலும், கதவுக் கைப்பிடியிலும், பெட்ரோல் மூடியின் இடுக்கிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். அரை மணி கழித்துக் கீழே கோடாக வடிந்து காய்ந்து நிற்பது அதுதான். கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டு, தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, வடிந்ததை இன்னொரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் துணி டிரைவர் பக்கக் கதவின் பையிலேயே இருக்கட்டும். மறுநாள் முதல் சிக்னலில் பிரேக் போடும்போது கண்ணாடிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு சொட்டு வரும்.